எங்க போர் எந்த நம்பர்?

கோலார் தங்கவயலைப் பற்றி எழுதுகிறவர்கள் எல்லாரும் தங்கத்தைப் பற்றித்தான் எழுதுகிறார்கள். 1880ல் ஜான் டெய்லர் கம்பெனி வந்தது. சாம்பியன் ரீஃப் சுரங்கம் 3,200 மீட்டர் ஆழம் வரை போனது. 120 வருஷத்தில் ஏறக்குறைய 800 டன் தங்கம் எடுத்தார்கள். 2001 பிப்ரவரி 28ந் தேதி மூடினார்கள். இந்தக் கணக்கு எல்லாருக்கும் தெரியும். நான் தண்ணியைப் பற்றி எழுத வேண்டும்.

நான் தங்கவயல் லைன் வீட்டில் பிறந்தவன். தாத்தா வட ஆற்காடு ஜில்லாவிலிருந்து வந்தவர். சுரங்கத்துக்குள் இறங்கினவர்களில் பெரும்பாலோர் வட ஆற்காடு, சேலம், சித்தூர்ப் பக்கத்துச் சேரிகளிலிருந்து போனவர்கள் என்பது இந்தப் பத்திரிகையைப் படிக்கிறவர்களுக்குப் புதிதல்ல. அயோத்திதாசப் பண்டிதரின் ‘தமிழன்’ மாரிகுப்பத்திலும் சாம்பியன் ரீஃப்ஸிலும் வாசிக்கப்பட்டதும், அவருக்குப் பிறகு அப்பாதுரையார் அதைத் தங்கவயலிலிருந்தே மறுபடி நடத்தியதும், சித்தார்த்தா புத்தகசாலை அங்கே புத்தகம் போட்டதும் தெரியும். தங்கவயலுக்கு பௌத்தம் வந்த கதையை எழுதியிருக்கிறார்கள். பைப் வந்த கதையை எங்கள் ஆயாதான் சொல்லும்.

“ஊர்ல தண்ணிக்குப் போனா கொடத்த கீழ வச்சிட்டு தள்ளி நிக்கணும். எவளாவது மனசு வந்து மேல இருந்து ஊத்துவா. ஊத்தலன்னா கேக்கக்கூடாது. பொழுது எறங்கற வரிக்கும் நின்னுகீறேன். இங்க வந்தா பைப்ப தொறந்தா கொட்டுது. நானே தொறந்து நானே புடிச்சேன்டா நைனா. மொத நாளு ரெண்டு கொடம் சும்மாவே புடிச்சி கீழ ஊத்தனேன்.”

தாத்தா எதற்காக அந்தப் பாதாளத்தில் இறங்கினார் என்று கேட்டால் கூலி என்று சொல்லுவார்கள். அது உண்மைதான். ஆயா வந்ததற்குக் காரணம் அந்த பைப். யாரையும் கெஞ்சாமல் தண்ணி பிடிக்கலாம் என்பது எங்கள் ஜனங்களுக்குக் கூலியைவிடப் பெரிய சங்கதியாக இருந்திருக்கிறது. 1927 மார்ச்சில் அம்பேத்கர் மகாடு சவுதார் குளத்தில் இறங்கித் தண்ணி அள்ளினார். அந்தக் காலத்தில் எங்களுக்குத் தண்ணிப் பிரச்சினை என்றால் தொடலாமா கூடாதா என்பதுதான். அந்தத் தண்ணிக்குள்ளே என்ன இருக்கிறது என்று கேட்கிற காலம் அப்போது வரவில்லை.

சுரங்கம் என்றால் ஜனங்கள் கல்லை நினைக்கிறார்கள். தண்ணி இல்லாமல் அங்கே எந்த வேலையும் ஓடாது. கல்லைத் துளைக்கும்போது தண்ணி பீச்ச வேண்டும். பீச்சாமல் துளைத்தால் தூசி நுரையீரலில் போய் உட்கார்ந்துகொள்ளும். 1940களில் தங்கவயல் தொழிலாளர்கள் 7,653 பேரைப் பரிசோதித்தபோது 43.7 சதவீதம் பேருக்கு சிலிகோசிஸ் இருந்ததாக எழுதிவைத்திருக்கிறார்கள். மேலே வந்த கல்லை மில்லில் இடித்து மாவாக்கி, தண்ணி விட்டுக் கூழாக்கி, பாதரசத்தில் தங்கத்தைப் பிடிப்பார்கள். பிடிபடாத பொடித் தங்கத்துக்கு சயனைடு கரைசல். அதற்கும் தண்ணி. அடியில் ஊறுகிற தண்ணியை ராத்திரி பகல் இறைத்துக்கொண்டே இருக்க வேண்டும். இந்த மிஷின்கள் ஓட 1902ல் காவிரியில் சிவசமுத்திரத்திலிருந்து கரண்ட் வந்தது. பெங்களூர் நகரத்துக்கு அதற்குப் பிறகுதான் விளக்கெரிந்தது. குடிக்கவும் புழங்கவும் பாலாற்றுத் தண்ணி பேத்தமங்கலம் ஏரியிலிருந்து வந்தது. ஒரு ஆற்றின் கரண்டையும் இன்னொரு ஆற்றின் தண்ணியையும் குடித்து வளர்ந்த ஊர் எங்களது.

ஒரு டன் கல்லில் கிராம் கணக்கில்தான் தங்கம் கிடைக்கும். மிச்சம் எல்லாம் மண்ணாக வெளியே வரும். அப்படி வந்த மண் ஊருக்கு நடுவிலும் ஓரத்திலுமாக 13 மேடுகள். மொத்தம் சுமார் 3.3 கோடி டன். ஜனங்கள் அதற்கு ‘சயனைடு மலை’ என்று பேர் வைத்தார்கள். சினிமாக்காரர்கள் வந்து அதன் மேலே பாட்டும் சண்டையும் எடுத்தார்கள். காற்றடிக்கிற மாதங்களில் அந்த மண் மாவு மாதிரி பறக்கும்.

சயனைடு மலை என்ற பேரில் ஒரு சிக்கல் இருக்கிறது. பிறகு நான் கெமிஸ்ட்ரி படித்தபோதுதான் அது விளங்கியது. சயனைடு கொல்லுகிற விஷம் என்றாலும் வெயிலும் காற்றும் பட்டால் பெரும்பகுதி சிதைந்துவிடும். சிதையாதது வேறே. தாதுக்கல்லில் கந்தகம் கலந்த இரும்பு இருந்தால், அதை மாவாக்கி வெளியே கொட்டினதும் காற்றும் மழையும் பட்டு அது கந்தக அமிலமாகும். அந்த அமிலம் மண்ணில் உள்ள மற்ற உலோகங்களைக் கரைத்துக்கொண்டு கீழே இறங்கும். கோலார்த் தாதுவின் சில படுகைகளில் ஆர்சனிக் கலந்த தாதுவும் உண்டு. ஆர்சனிக்குக்கு நிறம் கிடையாது, வாசம் கிடையாது, ருசி கிடையாது. குடிநீரில் லிட்டருக்கு 0.01 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக்கூடாது என்று தர அளவு சொல்லுகிறது. ஒரு மில்லிகிராமில் நூறில் ஒரு பங்கு. கண்ணால் பார்த்தோ நாக்கில் வைத்தோ எந்தத் தாயும் இதைக் கண்டுபிடிக்க முடியாது. குப்பியில் பிடித்து லேபுக்கு அனுப்பினால்தான் தெரியும். ஆக, யாருடைய தண்ணி குப்பிக்குள் போகிறது என்பதுதான் கேள்வி.

சட்டம் எங்களுக்கு எப்படி வாய்த்தது என்று பாருங்கள். தண்ணி மாசுத் தடுப்புச் சட்டம் 1974ல் வந்தது. ஒரு சுரங்கத்தைத் தொடங்குமுன் அது மண்ணுக்கும் தண்ணிக்கும் ஜனங்களுக்கும் என்ன செய்யும் என்று கணக்கெடுக்க வேண்டும் என்ற அறிவிக்கை 1994 ஜனவரியில் வந்தது. சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீடு என்று அதற்குப் பேர். ஜனங்களைக் கூட்டிவைத்துக் கருத்து கேட்க வேண்டும் என்பதை 1997ல் சேர்த்தார்கள். எல்லாவற்றையும் மாற்றி 2006 செப்டம்பரில் புது அறிவிக்கை போட்டார்கள். ஒரு சுரங்கத்தை மூடுகிறவன் குழியையும் மண்மேட்டையும் தண்ணியையும் என்ன செய்யப்போகிறான் என்று திட்டம் எழுதிக்கொடுத்து, அதற்குப் பண உத்தரவாதமும் கட்ட வேண்டும் என்ற விதி 2003ல் வந்தது. தங்கவயலைத் திறந்தபோது முதல் சட்டம் இல்லை. மூடினபோது கடைசி விதி இல்லை. மூடலுக்கும் விதிக்கும் இடையில் இரண்டே வருஷம். பம்புகள் நின்றன, சுரங்கத்துக்குள் தண்ணி ஏறி நிரம்பியது, மேடுகள் மேடுகளாகவே நின்றன. ஆராய்ச்சி செய்கிறவர்கள் வந்து மண்ணும் தண்ணியும் எடுத்துப்போய் ஆங்கிலத்தில் கட்டுரை எழுதினார்கள். லைன் வீட்டுக்காரனுக்கு யாரும் ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுக்கவில்லை.

படிப்பு முடிந்து எனக்குக் கிடைத்த வேலை இதே சட்டத்தைச் சேர்ந்தது. ஒரு தனியார் ஆய்வுக் கம்பெனியில் தண்ணி சாம்பிள் எடுக்கிற வேலை. பேர் வேண்டாம். ஆறு வருஷம் பல இடங்களில் சுரங்கங்களைச் சுற்றி அலைந்தேன். அந்த வேலையின் உள்விவரம் நம் பிள்ளைகளுக்குத் தெரிய வேண்டும் என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில், மதிப்பீட்டு அறிக்கைக்குப் பணம் கொடுப்பது சுரங்கம் தோண்டப்போகிற கம்பெனியே. அது ஒரு ஆலோசனைக் கம்பெனியைப் பிடிக்கும். அவர்கள் சுரங்க எல்லையை நடுவில் வைத்துச் சுற்றிலும் 10 கிலோமீட்டருக்கு ஒரு வட்டம் போடுவார்கள். அந்த வட்டத்துக்குள் காற்று, சத்தம், மண், தண்ணி எல்லாவற்றையும் அளக்க வேண்டும். ஒரு பருவம் அளந்தால் போதும், அது மழைக்காலமாக இருக்கக்கூடாது என்பது வழக்கமாகக் கொடுக்கப்படும் நிபந்தனை. காற்றுக்கு அது சரிதான், மழையில் தூசி அடங்கிவிடும். தண்ணிக்கு? மண்மேட்டிலிருந்து விஷம் கரைந்து இறங்குவதே மழையில்தான். மழை பெய்யாத மூன்று மாதத்தில் ஓடையில் தண்ணியே இருக்காது. அறிக்கையில் அந்த ஓடைக்கு நேராக ‘வறண்டது’ என்று எழுதுவோம். வறண்ட ஓடையில் மாசு கிடையாது.

அடுத்தது குப்பி. உலோகம் பார்க்க வேண்டிய தண்ணியில் எடுத்த உடனே நைட்ரிக் அமிலம் சில சொட்டு விட வேண்டும். விடாவிட்டால் உலோகம் குப்பிச் சுவரில் ஒட்டிக்கொள்ளும், லேபில் குறைத்துக் காட்டும். சயனைடு பார்க்க வேண்டிய தண்ணிக்கு நேர் எதிர், காஸ்டிக் சோடா போட்டு காரமாக்க வேண்டும். போடாவிட்டால் சயனைடு வாயுவாகிப் போய்விடும். எல்லாவற்றையும் ஐஸ் பெட்டியில் வைத்து லேபுக்குக் கொண்டுபோக வேண்டும். வெயிலில் ஜீப்பின் பின்சீட்டில் ஒரு நாள் கிடந்த குப்பி பொய் சொல்லும். பொய் என்று யாரும் நிரூபிக்க முடியாது.

மூன்றாவது, இடம். எங்கெங்கே குப்பியை நனைப்பது என்பது. மேட்டுக்கு மேல்புறம் ஒரு கிணறு, கீழ்ப்புறம் ஒரு கிணறு பார்த்தால்தான் மேடு தண்ணியை என்ன செய்கிறது என்று ஒப்பிட முடியும். இது பாலபாடம். ஆனால் இடப்பட்டியலை ஆபீசில் உட்கார்ந்து வரைபடத்தில் புள்ளி வைத்துத் தயார் செய்வார்கள். கிராமத்துக்கு ஒரு புள்ளி. கிராமத்தின் பேர் எங்கே அச்சாகியிருக்கிறதோ அங்கே புள்ளி. ஜீப் போகிற ரோடு, பஞ்சாயத்து ஆபீஸ், கோவில், நல்ல கிணறு எல்லாம் அங்கேதான் இருக்கும். ஊர் என்றால் அதுதான்.

வட கர்நாடகத்தில் ஒரு இரும்புத்தாதுச் சுரங்கம், விரிவாக்கத்துக்கு மனுப் போட்டிருந்தது. எனக்குக் கொடுத்த பட்டியலில் நிலத்தடி நீருக்கு எட்டு இடம். ஒரு கிராமத்தில் பஞ்சாயத்து ஆபீசுக்குப் பக்கத்துக் கிணற்றில் எடுத்துவிட்டு நின்றேன். மேட்டிலே ஊர். ஊருக்கு அந்தண்டை சரிவில் முப்பது நாற்பது வீடு, மாதிகர் கேரி. அதற்கும் கீழே, சுரங்கத்து மண்மேட்டிலிருந்து வருகிற ஓடை. ஓடைக்கரையில் ஒரு அடிபம்பு. கேரி ஜனங்கள் குடிப்பது அந்தத் தண்ணிதான். பம்பைச் சுற்றிச் சிமெண்டுத் திண்ணை செங்காவியாகக் கறைபட்டுக் கிடந்தது. இரும்புக் கறை, அதில் அதிசயம் இல்லை. ஆனால் கீழ்ப்புறக் கிணறு என்று ஒன்று வேண்டுமென்றால் அந்த வட்டத்திலேயே அதைவிடப் பொருத்தமான இடம் கிடையாது.

மேலதிகாரிக்குப் போன் போட்டேன்.

“சார், கீழ ஒரு கேரி இருக்கு. டம்ப்புக்கு நேர் கீழ. அதையும் ஒண்ணு எடுத்துடறேன்.”

“ஒரு கிராமத்துக்கு ஒரு சாம்பிள்தானே? எடுத்தாச்சில்ல?”

“எடுத்தது மேல இருக்கிற கிணறு சார்.”

“அந்தக் கேரியும் அந்தக் கிராமத்துலதானே வருது?”

காகிதத்தில் வருகிறது. ஓட்டுக் கேட்கும்போது வருகிறது. தண்ணி எடுக்கப் போனால் வராது. இதை அவரிடம் எந்தப் பாஷையில் சொல்லுவது என்று எனக்குத் தெரியவில்லை. அவர் கெட்டவர் இல்லை. அவருக்கு அது விளங்கவே விளங்காது. ஊர் என்ற சொல்லுக்குள் சேரி கிடையாது என்று தெரிந்துகொள்ள ஒருவன் சேரியில் பிறந்திருக்க வேண்டும், அல்லது சேரியை வெளியே வைத்த ஊரில் கண்ணைத் திறந்துகொண்டு பிறந்திருக்க வேண்டும்.

நான் அடிபம்பில் ஒரு குப்பி பிடித்தேன். அமிலம் விட்டேன். சீட்டு ஒட்டினேன். பம்படியில் இருந்த ஒரு வயசான அம்மா எதற்கு என்று கேட்டது. தண்ணி நல்லதா என்று பார்க்க என்றேன். “முடிவு வந்தா சொல்லுவியா தம்பி” என்றது. லேபில் அந்தக் குப்பியை வாங்க மறுத்துவிட்டார்கள். கோடு நம்பர் இல்லாத குப்பிக்கு அங்கே இடம் கிடையாது. பட்டியலில் பேர் இருந்தால்தான் நம்பர். நம்பர் இருந்தால்தான் மிஷின். இரண்டு முறை எழுதிக்கேட்டேன். பதில் வரவில்லை.

சில மாதம் கழித்து அந்த ஊரில் கருத்துக்கேட்புக் கூட்டம். ஷாமியானா, பிளாஸ்டிக் சேர், வீடியோ கேமரா. ஆலோசனைக் கம்பெனி சார்பில் எங்களில் சிலரும் போயிருந்தோம். முன்வரிசையில் யார் உட்கார்ந்திருப்பார்கள் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. வேலை தருவோம், ரோடு போடுவோம், கோவில் புதுப்பிப்போம் என்று பேசினார்கள். தண்ணி என்று வந்தபோது, எட்டு இடத்தில் பரிசோதித்தோம், எல்லாம் தர அளவுக்குள் இருக்கிறது என்று படம் போட்டுக் காட்டினார்கள். படத்தில் எட்டு நீலப் புள்ளி.

அப்போது அந்த அம்மா பின்னாலிருந்து எழுந்தது. கன்னடத்தில் கேட்டது. எட்டு நம்பர் போட்டிருக்கீங்களே சாமி, அதுல எங்க போர் எந்த நம்பர்?

அதிகாரி படத்தைப் பார்த்துக் கிராமத்தின் பேரைச் சொல்லி, “ஐந்தாவது நம்பரம்மா. பார்த்தாச்சு” என்றார்.

“அது ஊர்க் கிணறு சாமி. அந்தக் கிணத்துல நாங்க தண்ணி எடுக்க முடியாது. எங்க போர் எந்த நம்பர்?”

கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். யாரோ உட்காரச் சொன்னார்கள். முன்வரிசை அசையவில்லை. அந்த ஒரு கேள்வியில் அந்த அம்மா இரண்டு விஷயத்தைப் பதிவு செய்துவிட்டது. ஒன்று, மதிப்பீடு பொய். இரண்டு, அந்த ஊரில் தீண்டாமை இருக்கிறது. இரண்டாவதைக் கேட்ட பிறகு முதலாவதைப் பற்றிப் பேச அங்கே யாருக்கும் தைரியம் இல்லை. நடவடிக்கைக் குறிப்பில் என்ன எழுதினார்கள் என்று பிறகு பார்த்தேன். ‘குடிநீர் குறித்த ஐயம் தெளிவுபடுத்தப்பட்டது.’ நான் அந்த வேலையை விட்டது அதற்கடுத்த மாதம்.

பிறகு பல அறிக்கைகளை எடுத்துவைத்துப் படித்தேன். எல்லாவற்றிலும் ஒரே அமைப்பு. தண்ணிக்கு ஒரு அத்தியாயம். அதில் பி.எச்., கரைந்த உப்பு, சல்பேட், இரும்பு, ஆர்சனிக் என்று அட்டவணை. சாதி என்ற சொல் அங்கே வராது. சமூக பொருளாதாரம் என்று இன்னொரு அத்தியாயம். அதில் சென்சஸ் புத்தகத்திலிருந்து பட்டியல் சாதி இத்தனை சதவீதம், பழங்குடி இத்தனை சதவீதம் என்று எடுத்துப் போட்டிருக்கும். தண்ணி என்ற சொல் அங்கே அவ்வளவாக வராது. அந்தச் சதவீதத்தில் வருகிறவன் அந்த அட்டவணையில் உள்ள எந்தத் தண்ணியைக் குடிக்கிறான்? இரண்டு அத்தியாயமும் ஒன்றையொன்று பார்த்துக்கொள்வதே இல்லை, ஊரும் சேரியும் மாதிரி.

இதைச் சூழலியல் தோழர்களிடம் சொன்னால், தண்ணிக்கு சாதி ஏது என்கிறார்கள். தண்ணிக்கு சாதி கிடையாதுதான். பள்ளத்துக்கு உண்டு. நீங்கள் பார்த்த சேரிகளை நினைத்துப்பாருங்கள். மேட்டில் ஊரும் வடிகிற பக்கம் சேரியுமாகத்தானே பெரும்பாலும் இருக்கும்? நிலத்தடித் தண்ணியும் சரிவைப் பார்த்துத்தான் ஓடும். ஆயிரம் வருஷமாக சாதி நம்மை எந்தப் பக்கம் தள்ளியதோ அந்தப் பக்கமே சுரங்கத்துத் தண்ணியும் வந்து சேருகிறது. அளக்கிறவன் மேட்டில் நின்று குப்பியை நனைத்தால் அறிக்கை சுத்தமாகத்தான் இருக்கும்.

இதையெல்லாம் இப்போது எழுதக் காரணம் இருக்கிறது. தங்கவயலின் 13 மண்மேடுகளையும் மறுபடி கழுவி, மிச்சமிருக்கிற தங்கத்தை எடுக்கிற ஒன்றிய அரசின் யோசனைக்கு 2024 ஜூனில் கர்நாடக அமைச்சரவை இசைவு கொடுத்தது. ஆயிரம் ஏக்கருக்கு மேலான நிலம். வேலை கிடைக்கும் என்று ஜனங்கள் சந்தோஷப்பட்டார்கள். தினமும் விடியற்காலை ரயிலைப் பிடித்து பெங்களூருக்குக் கூலிக்குப் போய் ராத்திரி திரும்புகிற ஊரில் அந்தச் சந்தோஷத்தை நான் குறை சொல்ல மாட்டேன். என் தம்பி பிள்ளைகளும் அந்த ரயிலில்தான் போகிறார்கள். மேட்டை எடுத்துவிட்டால் தூசியும் போகுமே என்கிறார்கள். சரியாகச் செய்தால் அதுவும் நடக்கலாம்.

ஆனால் மேட்டைக் கழுவுவது சும்மா இல்லை. இத்தனை வருஷமாக மேலே காய்ந்து இறுகிக்கிடக்கிற மண்ணைக் கிளறி, தண்ணியில் கரைத்து, மறுபடி மருந்து போட்டு, இன்னொரு இடத்தில் கொட்ட வேண்டும். ருமேனியாவில் பாயா மாரே என்ற ஊரில் இதே வேலைதான் நடந்தது. பழைய சுரங்கக் கழிவு மண்ணைத் திரும்பக் கழுவித் தங்கம் எடுத்தார்கள். 2000 ஜனவரி 30ந் தேதி ராத்திரி, மழையும் உருகின பனியும் சேர்ந்து கழிவுக் குளத்தின் கரை உடைந்தது. சுமார் ஒரு லட்சம் கன மீட்டர் சயனைடு தண்ணி ஆற்றில் இறங்கி, திஸா வழியாக ஹங்கேரிக்குள் போய், டான்யூப் வரைக்கும் சேர்ந்தது. டன் கணக்கில் மீன்கள் செத்து மிதந்தன. அந்தக் குளம் அதற்கு முந்தின வருஷம்தான் ஓடத் தொடங்கியிருந்தது. கொட்டுகிற மழை எவ்வளவு, வெளியே போகிற தண்ணி எவ்வளவு, குளம் தாங்குவது எவ்வளவு என்ற கணக்கு தவறினால் இதுதான் நடக்கும். தங்கவயலிலோ ஊர் மேட்டோடு ஒட்டிக் கிடக்கிறது.

இன்னொன்றும் கவனிக்க வேண்டும். அந்த மண்ணில் தங்கத்தோடு டங்ஸ்டன் தாதுவும் உண்டு. ஒன்றிய அரசு 2023ல் வெளியிட்ட முக்கியக் கனிமங்கள் பட்டியலில் டங்ஸ்டன் இருக்கிறது. தங்கம் இல்லை. 2025 செப்டம்பரில் சுற்றுச்சூழல் அமைச்சகம், அணுக் கனிமங்களுக்கும் முக்கியக் கனிமங்களுக்கும் சுரங்கம் தோண்டுகிற திட்டங்களுக்குக் கருத்துக்கேட்புக் கூட்டம் தேவையில்லை என்று குறிப்பாணை போட்டது. மேலூர்ப் பக்கத்து டங்ஸ்டன் ஏலத்தை 2025 ஜனவரியில் ரத்து செய்ய வைத்தது ஜனங்கள் எழுப்பின சத்தம். அந்தச் சத்தத்தைப் போடுகிற ஒரே அரசாங்க மேடையைத்தான் எடுத்துவிட்டார்கள். எங்கள் மண்ணைத் தங்கம் என்று எழுதப்போகிறார்களா, டங்ஸ்டன் என்று எழுதப்போகிறார்களா என்பதைப் பொறுத்து எங்கள் ஆட்கள் எழுந்து நின்று கேட்க முடியுமா முடியாதா என்பது முடிவாகும்.

ஆகவே தங்கவயலிலும் மற்ற ஊர்களிலும் இருக்கிற பிள்ளைகள் சில காரியங்களை இப்போதே செய்துவைக்க வேண்டும். அறிக்கை வரும்வரைக்கும் காத்திருக்காதீர்கள். வந்த பிறகு 30 நாள்தான் அவகாசம்.

உங்கள் பகுதியில் எங்கெங்கே பைப், போர், கிணறு, டாங்கர் நிற்கிற இடம் இருக்கிறது, யார் யார் அங்கே பிடிக்கிறார்கள் என்று ஒரு படம் போடுங்கள். சர்வே படம் வேண்டாம், நோட்டுப் புத்தகத்தில் கையால் போட்டால் போதும். மேடு எது, பள்ளம் எது, மழை பெய்தால் தண்ணி எந்தப் பக்கம் ஓடுகிறது என்று கிழவிகளுக்குத் தெரியும், கேட்டு எழுதுங்கள். மழைக்கு முன்னால் ஒரு தரமும் மழைக்குப் பின்னால் ஒரு தரமும் தண்ணி எடுத்து அங்கீகாரம் பெற்ற லேபில் கொடுங்கள். குப்பியில் அமிலம் விட்டீர்களா, எத்தனை மணிக்கு எடுத்தீர்கள், யார் கூட இருந்தார்கள் என்று எழுதிவையுங்கள். காசு ஆகும், ஒரே தரத்தில் எல்லா இடத்தையும் பார்க்க முடியாது. மேட்டுக்கு நேர் கீழே இருக்கிற ஒரு இடம், மேலே இருக்கிற ஒரு இடம் என்று இரண்டிலிருந்து தொடங்குங்கள்.

அறிக்கையின் சுருக்கத்தை மாநில ஆட்சிமொழியில் அல்லது உள்ளூர் மொழியில் தர வேண்டும் என்று 2006 அறிவிக்கை சொல்லுகிறது. அந்த ‘அல்லது’வை வைத்துக்கொண்டு தங்கவயலில் தமிழில் கேளுங்கள். ‘தமிழன்’ படித்த ஊருக்குத் தமிழில் கொடுக்க என்ன தடை? அறிக்கை கைக்கு வந்ததும் முதலில் தண்ணி அட்டவணையைத் திறந்து இடப்பட்டியலைப் பாருங்கள். ஒவ்வொரு நம்பரும் எந்தத் தெருவில் இருக்கிறது என்று போய்ப் பாருங்கள். கீழ்ப்புறம் ஒன்றாவது இருக்கிறதா? மழைக்காலத்தில் எடுத்தது உண்டா? மேட்டைச் சுற்றி மழைத்தண்ணி பிரித்து விட வடிகால் எங்கே, அழுக்குத் தண்ணி நிற்கிற குளத்துக்கு அடியில் விரிப்பு உண்டா, பெருமழை பெய்தால் அது தாங்குமா, வேலை முடிந்த பிறகு இருபது வருஷம் தண்ணியைப் பரிசோதிக்க யார் காசு கொடுப்பார்கள் என்று கேளுங்கள்.

கூட்டம் நடந்தால் கேள்வியை வாயால் கேட்பதோடு விடாதீர்கள். எழுதிக்கொண்டு போங்கள். கூட்டத்தின் முடிவில் நடவடிக்கைக் குறிப்பை ஜனங்கள் மொழியில் வாசித்துக் காட்ட வேண்டும் என்பது அதே அறிவிக்கையில் இருக்கிற விதி. வாசிக்காமல் எழுந்து போனால் போக விடாதீர்கள். கூட்டம் இல்லை என்று சொல்லிவிட்டால் அதே கேள்விகளை மாசுக்கட்டுப்பாட்டு வாரியத்துக்கும் மாவட்ட ஆட்சியருக்கும் அனுப்பி, நகலில் முத்திரையும் தேதியும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். நாளைக்குக் கோர்ட்டுக்குப் போனால் அந்த முத்திரைதான் பேசும்.